மணிக்கூடு கீறுங்கோ

எங்கள் கட்டடத்தில் தீ அலாரம் அடிக்காத மாதம் கிடையாது. யாராவது ரோஸ்ற்றரில் பாணைக் கருக விட்டிருப்பார்கள், ஏதாவது ஒரு வால் பிள்ளை சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியை இழுத்துவிட்டு ஓடியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு காரணமும் இல்லாமல் தானாகவே அலறும். கனடாவில், ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் பல வருடம் இருந்தவர்களுக்கு அது பழகிப்போன சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு, ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, நாங்கள் எங்கள் பாட்டில் இருப்போம். பக்கத்து வீட்டு அங்கிள் ஒருவர்தான் இறங்குவார்.

நாங்கள் இருந்தது பன்னிரண்டாம் மாடி. அலாரம் அடித்தால் லிஃப்ற் நின்றுவிடும், படிதான் கதி. ஜூலை மாதத்து வெயிலிலும் மனுசன் குளிர் ஜக்கற்றைப் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டி, பாஸ்போர்ட் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளிக்கிடுவார். போகிற வழியில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். என் கதவு கடைசிக் கதவு.

"பிள்ளை, மணி அடிக்குது."

"அது சும்மா அடிக்குது அங்கிள்."

"சும்மா அடிக்கிறதுக்கு மணிக்கு என்ன விசரே?"

நான் கதவைச் சாத்திவிடுவேன். ஆறு வருடம் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஆறு வருடமும் அவர் இதையேதான் கேட்டார், நானும் இதையேதான் சொன்னேன். ஒரு நாளாவது அவரோடு இறங்கினேனா என்றால் இல்லை. அவர் போனபிறகு ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். கீழே கார்த் தரிப்பிடத்தில், ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி அவர் தனியே நிற்பார்.

திரும்பி வந்ததும் கணக்குச் சொல்வார். "இஞ்ச நூற்றித் தொண்ணூற்றெட்டுப் படி. அங்க இருநூற்றிப் பதினொண்டு. பதின்மூண்டு குறைவு."

அங்க என்றால் ஜேர்மனி. அங்கே ஒரு சின்னப் பழைய பட்டணம், அதன் நடுவில் ஒரு மணிக்கோபுரம். கனடாவுக்கு வர முன்னம் அகதியாக அந்தப் பட்டணத்தில் இருந்தாராம். நகரசபை அவருக்குக் கோபுரம் கூட்டுகிற வேலை கொடுத்ததாம். ஒவ்வொரு நாளும் இருநூற்றுப் பதினொரு படி ஏறி, புறா எச்சம் சுரண்டி, இருநூற்றுப் பதினொரு படி இறங்கியிருக்கிறார். பட்டணத்தின் பெயரைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருக்கும். எழுத்துக்கூட்டச் சொன்னால் ஒவ்வொரு தரமும் வேறு எழுத்து வரும். நான் இரண்டு மூன்று தரம் வரைபடத்தில் தேடிப் பார்த்து, அப்படி ஒரு ஊரே இல்லையென்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கோபுரத்தின் சரித்திரம் எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். கட்டி அறுநூறு வருடம். சில நாட்களில் எழுநூற்றைம்பது. துணி வியாபாரிகள் சேர்ந்து கட்டியது, கோயில்காரர் கட்டியதல்ல. அதனால் பிஷப்புக்கும் பட்டணத்தாருக்கும் நூறு வருடச் சண்டை. கோயில் மணி ஒன்று, பட்டணத்து மணி ஒன்று, எது முதலில் அடிப்பது என்று வழக்கு. இது லிஃப்ற்றுக்குள் சொல்லும் கதை. சலவை இயந்திரங்கள் இருக்கும் நிலக்கீழ் அறையில் கதை இன்னும் நீளும். ஒரு சண்டையில் மணியை இறக்கிப் பீரங்கி வார்த்தது, பிறகு பட்டணத்துப் பெண்கள் வீட்டுக் குத்துவிளக்கு, செம்பு எல்லாம் கொண்டுவந்து போட்டுப் புது மணி வார்த்தது. "ஜேர்மன்காரியிட்டக் குத்துவிளக்கு ஏது அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்ப இருந்தது," என்றார். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கேக்கிறவன் கேணையன் எண்டா எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு என் துணிகளை மடித்தேன்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருந்தது. நான் மொழிபெயர்ப்பாளர். புத்தகம் மொழிபெயர்ப்பவள் அல்ல. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விசாரணை என்று ஆட்களுக்கு நடுவில் இருந்து வாயால் மொழிபெயர்ப்பவள். என் தொழிலில் கதை ஒரே மாதிரி இருக்க வேண்டும். திங்கட்கிழமை மூன்று ஆமிக்காரர் வந்ததென்று சொன்ன ஒருவர் வியாழக்கிழமை நாலு பேர் என்று சொன்னால், அவருடைய வாழ்க்கையே கவிழ்ந்துபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, இந்த மனுசன் எந்தப் பயமும் இல்லாமல் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

முக்கியமாக அந்தத் தீ. எந்தக் காலத்திலோ அந்தப் பட்டணத்தில் நெருப்புப் பிடித்து, பாதி ஊர் சாம்பலானதாம். கோபுர உச்சியில் இரவும் பகலும் ஒரு காவல்காரன் இருப்பான். புகையைக் கண்டால் மணி அடிக்க வேண்டியது அவன் பொறுப்பு. கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பருக்கு அவர் சொன்ன கதையில் அந்தக் காவல்காரன் நித்திரையாகிப்போனான். ஏழாம் மாடியில் எந்த நேரமும் தண்ணியில் மிதக்கும் ஒருவருக்குச் சொன்ன கதையில் அவன் சாராயக் கடையில் இருந்தான். இரண்டையும் ஒரே கிழமையில் என் காதால் கேட்டேன்.

அடுத்த தடவை சலவை அறையில் பிடித்துக்கொண்டேன்.

"அங்கிள், சூப்பருக்குச் சொல்லேக்க காவல்காரன் நித்திரை எண்டீங்கள். முந்தநாள் குடிக்கப் போனவன் எண்டீங்கள். எது உண்மை?"

"அது சூப்பருக்கு. மற்றது அவருக்கு."

"கதையை ஆளுக்கு ஆள் மாத்திறதோ?"

"சப்பாத்து ஆளுக்கு ஆள் அளவு பாத்துத்தானே பிள்ளை குடுக்கிறது. அங்கயும் அப்பிடித்தான். மேயரின்ர ஆக்கள் வந்தா ஒரு கதை சொல்லுவாங்கள், பாதிரியார் வந்தா ஒரு கதை, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இன்னொண்டு. நான் விளக்குமாறோட ஒரு மூலையில நிண்டு எல்லாத்தையும் கேட்டனான்."

"அப்ப எனக்கென்ன கதை?"

இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்.

"காவல்காரன் முழிச்சுத்தான் இருந்தவன். புகையைக் கண்டவன். மணியும் அடிச்சவன். ஆனா அவன் வேற ஊரில இருந்து வந்தவன். மூண்டு அடி விட்டு மூண்டு அடி, அது அவன்ர ஊரில நெருப்பு. இந்த ஊரில அது சாராயக் கடை பூட்டுற மணி. சனம் கேட்டுது. சரி, கடை பூட்டுறாங்கள் எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திட்டுது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாவம்," என்றேன்.

"ஆர் பாவம்? அவனோ, சனமோ?"

உலர்த்தி நின்றுவிட்டது, துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு சண்டை சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சுவரில் தொங்கும் கடிகாரமும் மணிக்கூடு, கையில் கட்டுவதும் மணிக்கூடு. அவருக்கு மட்டும் அப்படியில்லை. ஒருநாள் லிஃப்ற்றுக்குள் என்னுடைய போன் செத்துப்போயிருந்தது. "அங்கிள், மணிக்கூடு கட்டியிருக்கிறியளோ? என்ன நேரம்?" என்று கேட்டேன்.

"மணிக்கூடு ஜேர்மனியில இருக்கு. நேரம் மூண்டரை," என்றார்.

நான் முறைத்ததைக் கண்டு விளங்கப்படுத்தினார். கோபுர உச்சியில் மணியை நேரே சுவரில் தொங்கவிட முடியாதாம். அவ்வளவு பெரிய மணி ஆடுகிற ஆட்டத்துக்குச் சுவர் வெடித்துவிடும். அதனால் சுவரில் படாமல், பெரிய ஓக் மரத் துலாக்களால் உள்ளே தனியாக ஒரு கூடு கட்டி, மணியை அந்தக் கூட்டில்தான் தொங்கவிடுவார்களாம்.

"ஜேர்மன்காரன் அதுக்கு மணியின்ர கதிரை எண்டு பேர் வைச்சிருக்கிறான். மணி எங்க கதிரையில குந்தி இருந்தது? தொங்குதெல்லே! நான் அதுக்கு மணிக்கூடு எண்டு பேர் வைச்சன். மணி ஆடும். கோபுரம் ஆடக்கூடாது. நடுவில நிண்டு ஆட்டத்தை வாங்கிறது கூடு. நீங்கள் எல்லாரும் கையில கட்டியிருக்கிறது மணிக்கூடில்லை, அதுக்குள்ள மணியுமில்லை, கூடுமில்லை."

அன்றிலிருந்து அந்தச் சொல்லை யார் சொன்னாலும் பிடித்துக்கொள்வார். எங்கள் மாடியில் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் வேண்டுமென்றே கேட்பார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். உண்மையைச் சொன்னால், மனுசனை எனக்குப் பிடித்திருந்தது. மனைவி செத்து நாலு வருடம். மகள் ஒருத்தி ஒஷாவாவில். சனிக்கிழமைகளில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்து குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் அவர் தானே சமைத்து, தானே துடைத்து, பல்கனியில் ஒரு கறிவேப்பிலை மரத்தைக் குளிர்காலத்துக்கு உள்ளே இழுத்து வெயில் காலத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு, நிம்மதியாகத்தான் இருந்தார். மகள் ஒஷாவாவுக்கு வரச்சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான்: "இஞ்ச எனக்கு என்ன குறை? பன்னிரண்டாம் மாடியில இருந்து பாத்தா எல்லாம் தெரியுது."

அந்தக் குறை ஒரு மார்ச் மாதத்துப் பின்னேரம் வந்தது.

அலாரம் அடித்தது. ஐந்தாம் மாடியில் யாரோ எதையோ கருக்கிவிட்டார்கள். அவர் வழக்கம்போலக் கதவைத் தட்டினார், நான் வழக்கம்போலச் சொன்னேன், அவர் இறங்கிப் போனார். அவசரத்தில் அடுப்பில் வைத்த பருப்பை மறந்துவிட்டார். கீழே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அந்த ஆட்களுக்குக் கோபுரத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். கதை பீரங்கிவரை வந்தபோது பன்னிரண்டாம் மாடியில் பருப்புப் பானை புகையத் தொடங்கியது. நின்ற அலாரம் திரும்பவும் அடித்தது. ஆறு வருடத்தில் முதல்முதலாக எங்கள் மாடியில் அடித்த உண்மையான மணி. ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. எனக்கு மணம்கூட வந்தது. யாரோ கருவாடு பொரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன். கடவுளே, அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தீயணைப்புக்காரர் கீழேயே நின்றதால் ஓடிவந்து அணைத்துவிட்டார்கள். பானையும் ஒரு அலுமாரிக் கதவும்தான் போயின. எங்கள் மாடியின் நடை ஓடையில் புகை அடங்கி, சூப்பர் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீரே பிள்ளை, மணி சரியாத்தான் சொன்னது. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டுது."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் வந்த மகள் சிரிக்கவில்லை. சூப்பர் அவளுக்குப் போன் செய்து, கிழவருக்கு மூளை சரியில்லை, ஆட்களை எரித்துவிடுவார் என்று சொல்லியிருந்தான்.

"அன்ரி, நீங்கள் பக்கத்தில இருக்கிறீங்கள். அப்பா ஓகேயா? ஒரே கதையை மாத்தி மாத்திச் சொல்றார். ஐ டோன்ட் நோ வாட் டு பிலீவ்."

"அவர் எப்பவும் அப்பிடித்தானே பிள்ளை. கோபுரக் கதையோ?"

"எந்தக் கோபுரம் அன்ரி? அப்பா ஜேர்மனியில பீட்சாக் கடையில கோப்பை கழுவினவர் எண்டுதான் அம்மா சொன்னவ. நாங்கள் அப்ப யாழ்ப்பாணத்தில. எனக்கு ஒண்டும் தெரியாது."

அப்போ அந்த இருநூற்றுப் பதினொரு படி? மகள் போனபிறகு நெடுநேரம் அந்தப் பீட்சாக் கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வேலையும் செய்திருக்கலாம். மனைவியிடம் கோப்பை கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோபுரம் கூட்டியிருக்கலாம், அல்லது கோப்பை கழுவிக்கொண்டே ஜன்னலால் ஒரு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். எதை எடுத்தாலும் பாதி பொருந்தியது, பாதி பொருந்தவில்லை.

மூன்று கிழமை கழித்து ஏஜென்சியில் இருந்து வேலை வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் ஞாபகசக்திப் பரிசோதனை, தமிழ், ஒரு மணித்தியாலம். நோயாளியின் பெயர் சொல்ல மாட்டார்கள். உள்ளே போனால் அவர் இருந்தார். அயர்ன் பண்ணிய சேட், எண்ணெய் வைத்து வாரிய தலை. மகளை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் விதி உண்டு. தெரிந்த ஆள் என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு விலக வேண்டும். நான் வாயைத் திறக்க முன்னம் அவர் எழுந்து கைகூப்பினார்.

"வணக்கம் தங்கச்சி. நீங்கள்தானே தமிழ் சொல்லப்போறீங்கள்? சந்தோசம்."

தங்கச்சியா? நீங்களா? ஆறு வருடம் என்னைப் பிள்ளை, நீர் என்று கூப்பிட்ட வாய்! இரண்டு பேரும் தெரிந்தவர்கள் என்றால் எனக்கு வேலைச் சிக்கல் வரும் என்று மரியாதையாக நடிக்கிறாரா? அல்லது உண்மையாகவே என்னைத் தெரியவில்லையா? கண்ணைப் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது அந்த இளம் டொக்டர் பெண் கேள்வியைத் தொடங்கிவிட்டாள். விலகுகிற நேரம் போய்விட்டது.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், சரியாகச் சொன்னார். மாதம் சரி. திகதியில் ஒன்று பிழை. அது எனக்கும் பிழைக்கும். ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக் காட்டும்படி சொன்னாள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். என் வாயில் வேறு என்ன வரும்?

"ஒரு மணிக்கூடு கீறுங்கோ. பதினொண்டு பத்து."

சொன்ன அந்தக் கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர் பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மிக அழகாக நாலு துலா கீறினார். குறுக்கே இரண்டு. மூலைக்கு மூலை தாங்குமரம். நடுவில் ஒரு மணி, அதன் நாக்கு, கயிறு. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மணிக்குப் பக்கத்தில் பதினொரு சின்னக் கோடு போட்டு, ஒரு இடைவெளி விட்டு, இன்னும் பத்துக் கோடு போட்டார். பதினொரு அடி, பிறகு பத்து அடி.

டொக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, கடிகாரம் என்றுதானே சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"யெஸ்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் விதியில் அதற்கும் இடம் இருக்கிறது: சொல்லில் குழப்பம் வந்தால், மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் தர விரும்புகிறார் என்று கையை உயர்த்தலாம். நூறு தரம் உயர்த்தியிருக்கிறேன். அன்றைக்கு உயர்த்தவில்லை. உயர்த்தினால், இந்தச் சொல்லுக்கு இவர் வைத்திருக்கும் அர்த்தம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். தெரிந்த ஆள் என்பதை மறைத்தது வெளியில் வரும். அது ஒரு காரணம். மற்றக் காரணம், எனக்கே தெரியவில்லை. அது அவருடைய வழக்கமான பகிடியா, என்னைச் சீண்டுகிறாரா, அல்லது மணிக்கூடு என்றால் அவருக்கு இப்போது உண்மையாகவே அது ஒன்றுதான் மிச்சமா? நான் விளக்கம் சொன்னால் எதை விளக்குவது? அவர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஐந்து சொல்லில் மூன்றைத்தான் திருப்பிச் சொன்னார்.

அந்தத் தாளை வைத்து மகள் முடிவெடுத்தாள். தனியே விட முடியாது, ஒஷாவாவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் இருக்கிறது, இடம் கிடைத்தால் அங்கே. அவர் ஓடையில் என்னைக் கண்டால் பழையபடி "என்ன பிள்ளை" என்றுதான் கேட்டார். பரிசோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு கிழமை இப்படியே போனது. கடைசியில் மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். மணிக்கூடு என்ற சொல், அவருடைய அர்த்தம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாம்.

"அன்ரி, நீங்கள் அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

நல்ல பிள்ளை. அலைந்து திரிந்து இரண்டாவது பரிசோதனைக்கு நாள் எடுத்தாள். இந்தத் தடவை மொழிபெயர்க்க வந்தது இந்தியாவில் இருந்து வந்த ஒரு தம்பி. 'கடிகாரம் வரையுங்க ஐயா' என்று அவன் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். மகளும் கூட இருந்து பார்த்திருக்கிறாள். அவர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி நல்ல வட்டம் கீறி, பன்னிரண்டு இலக்கத்தையும் இடம்விட்டு ஒழுங்காக எழுதி, ஒரேயொரு முள்ளை மட்டும் போட்டுவிட்டுத் தாளை நீட்டினாராம்.

"மற்ற முள்ளு எங்க எண்டு கேட்டா, அந்தக் கோபுரத்தில ஒரு முள்ளுத்தான் எண்டுறார் அன்ரி. நிமிசம் ஆருக்கு வேணும் எண்டு கேக்கிறார்."

"அந்த முள்ளு எங்க நிண்டது பிள்ளை?"

"பதினொண்டுக்குக் கொஞ்சம் அங்கால. டொக்டருக்கும் தெரியேல்லை அன்ரி. டெஃபினிட்டா ஒண்டும் சொல்லேலாதாம். ஆனா தனிய இருக்கிறது சேஃப் இல்லையாம்."

பிறகு தேடிப் பார்த்தேன். பழைய காலத்துக் கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் ஒரு முள்தானாம். பதினொன்று பத்துக்கு அந்த ஒற்றை முள் பதினொன்றைத் தாண்டிக் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் நிற்கும். ஆக, சரியாகத்தான் கீறியிருக்கிறார். ஆனால் சரியாகக் கீறுவது கேட்டதற்குப் பதிலாகுமா? பீட்சாக் கடையில் கோப்பை கழுவினவருக்கு இது எப்படித் தெரியும்? லிஃப்ற்றுக்குள் எனக்கு மூன்றரை என்று நேரம் சொன்னவருக்கு மற்ற முள் எப்படி மறக்கும்? நான் இதை எத்தனையோ தரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருக்காலும் கூட்டுத்தொகை வரவில்லை.

அவர் போகிற நாளன்று கறிவேப்பிலை மரத்தை எனக்குத் தந்தார். நான் அழுதுவிட்டேன்.

"அங்கிள், என்னாலதான். அண்டைக்கு நான் நேரம் பாக்கிற மணிக்கூடு எண்டு சொல்லியிருக்க வேணும்."

"எண்டைக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மரத்தின் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "மகள் கூப்பிடுறாள் பிள்ளை. மணி அடிச்சா இறங்கத்தானே வேணும்."

லிஃப்ற் வேலை செய்தது. அவர் படியால்தான் இறங்கினார். மகள் பெட்டிகளோடு கீழே காத்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம். போன மாதம் ஒரு பின்னேரம் எங்கள் கட்டடத்தில் அலாரம் அடித்தது. நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினேன். கதவை ஒருவரும் தட்டவில்லை. என்ன விசரோ தெரியாது, ஜக்கற்றைப் போட்டேன், பாஸ்போர்ட்டை எடுத்தேன், படியால் இறங்கினேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். முழங்கால் வலித்தது. எட்டாம் மாடியில் ஒரு பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்தினாள். கீழே வந்தபோது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

கார்த் தரிப்பிடத்தில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று ஒஷாவாவுக்குப் போன் எடுத்தேன். இல்லத்துப் பெண் ஒருத்தி எடுத்து அவரிடம் கொடுத்தாள். பின்னால் ஒரு ரீவி பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது.

"அங்கிள், நான்தான். பன்னிரண்டாம் மாடி. மணி அடிக்குது. நான் இறங்கி வந்திட்டன். நூற்றித் தொண்ணூற்றெட்டு."

ரீவியில் யாரோ பாடினார்கள்.

"அது சும்மா அடிக்குது பிள்ளை," என்றார். "குளிரும். மேல போங்கோ."

பிள்ளை என்றார். போம் என்று சொல்லாமல் போங்கோ என்றும் சொன்னார். என்னைத் தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? ஆறு வருடம் நான் கதவுக்குள் நின்று அவருக்குச் சொன்ன அதே சொல். அலாரம் தலைக்கு மேலே விடாமல் அலறியது.

"சும்மா அடிக்கிறதுக்கு மணிக்கு என்ன விசரே?" என்று கத்திக் கேட்டேன்.

மறுபக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. அவரா, ரீவியா என்று தெரியவில்லை.